கண்ணை மட்டும் விட்டுவிடச் சொன்ன மகனுக்கு

நீ உன் மகளை அடி வாங்குவதற்காகத்தான் இங்கே கொண்டுவந்து விட்டாய். தமிழ் படிக்க, சொந்தக்காரர்களைத் தெரிந்துகொள்ள, நம் பழக்கவழக்கங்களைப் பார்க்க என்று நீ சொன்னதெல்லாம் உன் மனைவிக்காகச் சொன்னது. நீ இருக்கும் ஸ்வீடனில் பிள்ளையின் மேல் கை வைக்க முடியாது. அதனால் கை வைக்கிற ஊர் எது என்று யோசித்து, உன்னை அடித்து வளர்த்த பெரம்பலூருக்கே அவளையும் அனுப்ப முடிவு செய்தாய். பத்து வயதுப் பெண்ணை லீவு என்று சொல்லிக் கூட்டிவந்தாய். பன்னிரண்டு நாள் இருந்தாய். திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அவள் தலையைத் தடவி, கொஞ்ச நாளில் வருகிறேன் என்றாய். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு கண்ணாடியை இறக்கி என்னிடம், "ஸ்கூல்ல சொல்லிடுங்க. நீங்க அங்க வேல பாத்தவருன்னு பாக்க வேணாம். கண்ண மட்டும் விட்டுட்டு மத்தது அவங்க இஷ்டம்னு சொல்லிடுங்க" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். இதை உனக்கு மட்டும் அனுப்பினால் படித்துவிட்டு அழித்துவிடுவாய். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரும் பள்ளிக்கூடத்தின் பெயரும் இதில் இல்லை. படிக்கிறவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்றே நினைத்துக்கொள்வார்கள். நினைக்கட்டும்.

அந்த வாசகத்தைத் தெரியாதவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இல்லை. ஜூன் மாதம் விடுதிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் ஒவ்வொரு அப்பாவும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவார். செந்துறையில் மழையை நம்பிக் கடலை போடுகிறவர் சொல்வார். தா.பழூரில் நெல் வைத்திருப்பவர் சொல்வார். துபாயிலிருந்து லீவில் வந்தவரும் சொல்வார். "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுடுங்க சார், தோல உரிச்சிடுங்க." சொல்லாமல் போனால் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. அதை எதிரில் நின்று கேட்டுக்கொண்டவன் நான். பதினோரு வருடம் அந்த விடுதியில் வார்டனாக இருந்தேன். அவர்கள் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். அந்தப் பிள்ளை பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு தடவைகூட அதன் முகத்தை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த வேலைக்கு நான் எப்படிப் போனேன் என்பதை உனக்கு யாரும் சொன்னதில்லை. இரண்டு வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியது. பி.ஏ. வரலாறு படித்தவனுக்கு இங்கே வேறு வேலை கிடையாது. பள்ளித் தாளாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆளு வாட்டசாட்டமா இருக்கீங்க, கொரலும் இருக்கு, போதும்" என்றார். அவர் கேட்ட தகுதி அவ்வளவுதான். எனக்கு வேலை, உனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து ஃபீஸ் கிடையாது. முதல் நாள் கேட்டைத் தாண்டும்போதே உன்னிடம் சொன்னேன், உள்ளே நான் அப்பா இல்லை, சார் என்று. வார்டன் மகனுக்கு ஒரு நியாயம் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா என்று எவனும் கேட்டுவிடக் கூடாது என்பது என் கவலை. அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். விடிகாலை நாலரை மணிக்கு ஸ்டடி ஹாலில் யார் தூங்கி விழுந்தாலும் முதல் அடி உனக்கு. நீ விழித்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாலும் உனக்கு. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் அறுத்த ஒன்றரை முழத் துண்டு என் கையில் இருக்கும். உன் முதுகில் ஒன்று விழுந்த பிறகு மற்ற நூற்றைம்பது பிள்ளைகளை அடிக்க எனக்கு யாரிடமும் கூச்சம் கிடையாது. "சொந்தப் புள்ளையவே வுட மாட்டாருப்பா அந்த வார்டன்" என்று பெற்றவர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. ஒளிக்காமல் எழுதுகிறேன், மிகவும் பிடித்திருந்தது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்கள் பார்க்க வரலாம். உன் அம்மா ஊரில் மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மட்டும் செந்துறையில் பஸ் ஏறி அரியலூரில் மாறி பெரம்பலூர் வருவாள். மற்றவர்களோடு வரிசையில் நிற்பாள். நான் கேட்டில் நோட்டை வைத்துக்கொண்டு, கட்டிய பெண்டாட்டியிடம் "யாரப் பாக்கணும்?" என்று கேட்பேன். ஒருநாள் அவள், "ரெண்டு பேரத்தான் பாக்கணும். ஒருத்தரு பேரத்தான் எழுதுவீங்களா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு ஞாயிறு நீ சாப்பிட உட்கார்ந்தபோது டிரவுசருக்குக் கீழே தொடையில் இருந்த தடிப்பைப் பார்த்துவிட்டாள். என்னவென்று கேட்டதற்குக் கீழே விழுந்துவிட்டேன் என்றாய். அவள் சோற்றுக் கையோடு கேட் வரைக்கும் வந்தாள். "எங்க வுழுந்தான்? ஒங்க மேலயா?" என்றாள். நான் நோட்டில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த நாள் காலையில் அதற்கும் சேர்த்து உன்னை அடித்தேன். கால்சட்டையை இழுத்துவிட்டு உட்காரத் தெரியாதா என்று கேட்டு அடித்தேன்.

எல்லோரையும் ஒன்றுபோல அடித்தார்கள் என்று நீ இன்றைக்கும் சொல்கிறாய். அது பொய். எந்தப் பிள்ளையை எவ்வளவு அடிக்கலாம் என்பதை அவன் அப்பாவின் காலைப் பார்த்து முடிவு செய்வோம். ஷூ போட்டவர் பிள்ளைக்கு அதட்டல். ரப்பர் செருப்புக்காரர் பிள்ளைக்கு உள்ளங்கையில். செருப்பில்லாமல் வந்து வாசலிலேயே நிற்கிறவர் பிள்ளைக்கு எங்கே வேண்டுமானாலும். அப்படி ஒருவர் தா.பழூர்ப் பக்கத்திலிருந்து வருவார். அவர் மகன் ஏழாம் வகுப்பு. தூக்கத்தில் பாயை நனைத்துவிடுவான், காலையில் மடித்து ஒளித்துவைப்பான். அதை என்னிடம் வந்து சொன்னது நீ. மற்றவர்களைப் பற்றி ஏதாவது சொன்னால் அன்றைக்கு முதல் அடி உனக்குக் கிடையாது என்று உன்னை நான்தான் பழக்கியிருந்தேன். ஈரப் பாயை அவன் தலையில் வைத்து, காலைச் சாப்பாடு முடியும்வரை மெஸ் வாசலில் நிற்கவைத்தேன். நூற்றைம்பது பிள்ளைகள் தட்டோடு அவனைத் தாண்டிப் போனார்கள். நீ வரிசையில் பின்னால் நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாய். அதைப் பார்த்து எனக்கு நிம்மதி. பையன் தேறிவிட்டான் என்று நினைத்தேன். அரைப் பரீட்சை லீவுக்குப் போன அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. அவன் அப்பா மட்டும் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது என்னிடம், "மன்னிச்சுக்குங்க சார், எனக்குப் புள்ளய வளக்கத் தெரியல" என்றார். நான் பரவாயில்லை என்றேன். இதை எழுதும்போது கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

நீ மார்க் வாங்கினாய். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் உன் முகத்தை ஃபிளெக்ஸில் போட்டார்கள். நீ இன்ஜினியரிங் முடித்து ஸ்வீடன் போன பிறகும் அந்தப் படத்தை விடவில்லை, மூன்று நான்கு வருடம் புதுப் பிள்ளைகளின் படத்துக்கு மேலே ஓரத்தில் நீ மீசை முளைக்காத முகத்தோடு தொங்கிக்கொண்டிருந்தாய். "அடிச்சதாலதான் நான் இங்க இருக்கேன்" என்று நாங்கள் அங்கே வந்திருந்தபோது எங்களிடம் சொன்னாய். உன் நண்பர்கள் எதிரில் வேறு சொன்னாய். அப்படியென்றால் உன்னோடு அதே ஹாலில் அதே குழாய்த் துண்டால் அடி வாங்கிய மற்றவர்கள் எங்கே? ஒருவனை எனக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். அரியலூர் டீக்கடையில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், சிகரெட்டைக் கீழே போட்டான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். தலையெல்லாம் கல் தூசி. உட்காரப்பா என்றேன். "பரவால்ல சார், பரவால்ல சார்" என்று நான் டீயைக் குடித்துவிட்டு வெளியே போகும்வரை நின்றான். அவன் டீ ஆறிப்போனது. அவனும் வாங்கினான், நீயும் வாங்கினாய். உனக்குக் கணக்கு வந்தது, அவனுக்கு வரவில்லை. நடுவில் நான் போட்ட அடிக்கு அதில் என்ன பங்கு என்று யோசித்துப் பார்த்தேன். நிற்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உனக்கும்தான். நீ போனில் என்னை அப்பா என்று கூப்பிட்டுப் பதினெட்டு வருடம் ஆகிறது. கேக்குதா என்றுதான் ஆரம்பிப்பாய்.

பேத்திக்கு நாலு வயதாகும்போது நானும் உன் அம்மாவும் மூன்று மாதம் உன் வீட்டில் இருந்தோம். ஒருநாள் அவளுடைய பள்ளிக்கு என்னைக் கூட்டிப்போனாய். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ரப்பர் உடுப்பை மாட்டி வெளியே விட்டிருந்தார்கள். இவள் ஒரு பாறையின் மேல், என் தலைக்கு மேலே, வழுக்கிக்கொண்டு நிற்கிறாள். நான் பழைய குரலில் "எறங்கு" என்று கத்திவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. யாரும் பயப்படவில்லை, இந்த ஆளுக்கு உடம்புக்கு என்ன என்பதுபோல் பார்த்தன. வாத்தியார் ஒரு சின்னப் பையன், காதில் கடுக்கன் போட்டவன், வந்து ஏதோ சொன்னான். நீ எனக்குத் தமிழில் சொன்னாய்: "அவளா ஏறுன ஒசரத்துலேருந்து அவளாவே எறங்கிடுவாளாம். நாம தூக்கி ஏத்துனாத்தான் ஆபத்தாம்." வுழுந்தா என்று கேளு என்றேன். கேட்டாய். "வுழுந்தா அழுவாளாம்." அப்புறம்? "தூக்கிக்குவாராம்." அவ்வளவுதான் அந்த நாட்டின் கல்விமுறை. உனக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பின்பக்கமாகத் திரும்பி, காலால் தடவித் தடவி, யாரையும் பார்க்காமல் இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயதில் நாலு வயதுப் பிள்ளையைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. அன்று முழுக்க உன்னிடம் அந்த நாட்டைத் திட்டிக்கொண்டே இருந்தேனே, அதன் காரணம் அதுதான்.

அந்த ஊரும் சொர்க்கம் என்று நான் சொல்ல மாட்டேன். உன் மகளுக்கு ஒரு வயதிலேயே தனி அறை கொடுத்துவிட்டீர்கள். அவள் அழுதால் ஒரு மெஷின் வழியாக உங்களுக்குக் கேட்கும். நீயும் உன் மனைவியும் ஆளுக்கொரு லேப்டாப்போடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பீர்கள். பிறந்தநாள் அழைப்பில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை என்று அச்சடித்திருந்தது. நாலு அடித்ததும் வந்த பிள்ளைகளை அவரவர் பெற்றோர் கூட்டிப்போனார்கள், ஒருவர்கூட வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. மூன்று மாதத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. அங்கே பிள்ளையை யாரும் அடிப்பதில்லை, யாரும் கொஞ்சுவதும் இல்லை என்று உன் அம்மா சொன்னாள். இங்கே தெருவில் போகிறவளெல்லாம் கன்னத்தைக் கிள்ளுவாள், அதே கையால் அறையவும் செய்வாள். இரண்டும் ஒரே உரிமை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நாட்டுக்காரர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். அறைகிற உரிமையைப் பிடுங்கினார்கள். கொஞ்சவேண்டிய வேலையை உன்னிடம் விட்டார்கள். நீ அதைச் செய்யவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதானபோது நீ பெரம்பலூரிலிருந்து கணக்குத் தேர்வுத்தாள்களை வாங்கி அங்கே அச்செடுத்தாய். அவள் வகுப்பில் மார்க்கே போடுவதில்லை என்பதை உன்னால் தாங்க முடியவில்லை. மார்க் இல்லாவிட்டால் யார் முதல், யார் கடைசி என்று எப்படித் தெரியும் என்று என்னிடம் புலம்பினாய். தப்பு விட்டதற்கு ஸ்கேலால் முன்கையில் அடித்தாய். அவள் மறுநாள் டீச்சரிடம் காட்டிவிட்டாள். கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. பிள்ளைகள் நல ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உன்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் தரையில் உட்கார்ந்து அவளிடம் பேசினார்கள். உன்னைப் பெற்றோர் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு எனக்குப் போன் போட்டு, "கேக்குதா? அக்யூஸ்ட் மாதிரி உக்கார வச்சுக் கேள்வி கேக்குறானுங்க. எம் புள்ளய நான் அடிக்கக் கூடாதாம்" என்றாய். அப்புறம் போன வகுப்பில் உன்னிடம், சின்ன வயதில் யாரைக் கண்டு பயந்தீர்கள் என்று கேட்டார்களாம். யாருமில்லை என்று சொல்லிவிட்டாயாம். அதை எனக்கு ஒரு பரிசு கொடுப்பதுபோலச் சொன்னாய். நானும் வாங்கிக்கொண்டேன். "அவனுங்களுக்குப் புள்ள வளக்கத் தெரியுமாடா? நம்ம ஊருலன்னா அவ இந்நேரம் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பிப்பா" என்றேன். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீ விமானம் ஏறி வந்திருக்கிறாய். பழி உன் மேல் மட்டும் என்று நான் எழுதவில்லை.

நீ கிளம்பிய பிறகு அவள் நன்றாகத்தான் இருந்தாள். பஸ்ஸில் கண்டக்டரிடம், "உங்க பேரு என்ன?" என்று கேட்டாள். "ஏன் பாப்பா, மேல எழுதிப் போடப் போறியா?" என்றார் அவர். அப்புறம் பெயரைச் சொன்னார். இறங்கும்போது பெயரைச் சொல்லி நன்றி சொன்னாள், பஸ்ஸே சிரித்தது. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பாள். சொல்லிவிட்டால் செய்துவிடுவாள். உன் அம்மா, "இவளுக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்ட கட்டிப் போச்சு. ஒங்க மவன் ஒரு நாளு ஏன்னு கேட்டுருப்பானா?" என்றாள். கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நான் உன்னை வைக்கவில்லை.

போன வாரம் நீ சொன்னபடி அவளைப் பெரம்பலூர் கூட்டிப்போனேன். ஸ்கூல் பார்க்கப் போகிறோம் என்றுதான் சொன்னேன். ஆபீஸ் அறையில், பிள்ளைகளை அடிப்பது குற்றம் என்று கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். என் காலத்தில் அது இல்லை. அதற்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் கீழப்பழுவூரிலிருந்து ஒருவர், மகனோடு. பையன் புது ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கையெழுத்துப் போட்டு முடித்து எழுந்து, "எம்மவன ஒங்ககிட்ட ஒப்படைச்சுட்டேன். கண்ணு ரெண்ட மட்டும் விட்டுடுங்க" என்றார். எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். உன் மகள் சத்தமாக, "தாத்தா, கண்ண விட்டுட்டு என்ன செய்வாங்க?" என்றாள். அவர் திரும்பிப் பார்த்து, "பாப்பா வெளிநாடா? ஒண்ணுமில்ல பாப்பா, சும்மா சொல்றதுதான்" என்றார். நான் முதல் தடவையாக அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கு அது சும்மா இல்லை என்று தெரிந்திருந்தது.

எங்கள் முறை வந்தது. பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா என்னோடு வேலை பார்த்தவர். "சாரு பேத்தியா? சாருக்குத் தெரியாததையா நாங்க சொல்லப் போறோம். எப்படிப் பாத்துக்கணும், சொல்லுங்க சார்" என்றார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்து வைத்திருந்தேன். பிள்ளை மேல் கை படக் கூடாது, பட்டால் நான் போலீஸுக்குப் போவேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "பேத்தின்னு பாக்காதீங்கம்மா. கண்ண மட்டும் விட்டுடுங்க" என்றேன். எப்படி வந்தது என்று கேட்காதே. பதினோரு வருடம் கேட்டுக் கேட்டு உள்ளே கிடந்தது, அந்த நாற்காலிக்கு எதிரில் நின்றதும் வந்துவிட்டது. அந்த அம்மா திருப்தியாகச் சிரித்தார். உன் மகள் என் கையைப் பிடித்திருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். அழவில்லை. அந்த அம்மாவிடம், "நீங்க என்ன அடிப்பீங்களா?" என்று கேட்டாள். "நல்லாப் படிச்சா ஏம்மா அடிக்கப் போறேன்?" "படிக்கலன்னா?" அந்த அம்மா என்னைப் பார்த்து, "அங்கெல்லாம் இப்படித்தான், வாய் ஜாஸ்தி. ரெண்டு மாசத்துல சரியாயிடும் சார்" என்றார். நான் ஃபாரத்தை மேசையிலேயே வைத்தேன். சேர்க்கவில்லை என்று சொன்னேன். அப்போது சொன்னது யாருக்கு வேண்டும்? அவள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அரியலூர் ஸ்டாண்டில் ஐஸ்கிரீம் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். நான் இரண்டு வாங்கிவந்தேன், இரண்டும் என் கையில் உருகின. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். தெரியும் என்றேன். "அம்மாவுக்கு?" தெரியாது என்றேன். "எனக்கு வீட்டுக்குப் போகணும்." போயிட்டிருக்கோமே என்றேன். "அந்த வீடு இல்ல" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளே அவள் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தாள். பாஸ்போர்ட் இருந்த பை காலியாக இருந்தது. அந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள். உன் அம்மாவும் பீரோவிலிருந்து அரிசிப் பானை வரைக்கும் தேடினாள். நான் தேடவில்லை. பார்த்தவுடனேயே எனக்குப் புரிந்துவிட்டது.

நீ போனை எடுத்தாய். "ஆமா, நான்தான் எடுத்துட்டு வந்தேன். இருந்தா அழுதுட்டே இருப்பா. நாலு வருஷம் இருக்கட்டும், என்ன மாதிரி வந்துடுவா" என்றாய். கை வைக்க விடமாட்டேன் என்றேன். "நீங்க மட்டும் அடிக்கலாம், நான் அடிக்கச் சொல்லக் கூடாதா?" என்றாய். உன் வாழ்நாளில் நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. நான் அடித்தது தப்பு. உன்னை ஒழுங்காக வளர்க்க அடிக்கவில்லை. என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தேன், நாலு பேர் மெச்ச அடித்தேன், அடித்தால் எனக்கு ஒரு சூடு ஏறும், அதற்காகவும் அடித்தேன். இதைச் சொல்ல ஆரம்பிக்கும்போதே நீ போனை வைத்துவிட்டாய். உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னக் குரலில், "நீங்க இருக்கீங்க, யாரும் தொட மாட்டாங்கன்னுதான் அவரு சொன்னாரு மாமா. நான் அவருகிட்டக் கேக்குறேன்" என்றாள். அதன் பிறகு அவளும் போன் எடுக்கவில்லை. நீ எடுக்கவிட்டிருக்க மாட்டாய். அடிக்காமலே அதைச் செய்யவும் உனக்குத் தெரியும், அதையும் என்னிடம்தான் கற்றாய்.

உனக்கு என் மேல் கோபம் இருந்தால் அதை என்னிடம் வந்து தீர்த்துக்கொள். வயது அறுபத்துநாலு, திருப்பி அடிக்கிற தெம்பு இல்லை, ஓடவும் மாட்டேன். அந்தப் பிள்ளையை வைத்துத் தீர்க்காதே. நீ பட்டதை அவளும் பட்டால்தான் நீ பட்டதற்கு ஒரு அர்த்தம் கிடைக்கும் என்று நினைக்கிறாய். கிடைக்காது. அது வீணாகப் பட்ட அடி. இதை ஒத்துக்கொள்வது எனக்கே இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியாமல் இல்லை. ஆனால் நீ ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க அவளுக்கு நேரமில்லை. அவள் பத்து நாளாக என்னோடு பேசவில்லை. உன் அம்மாவோடு பேசுகிறாள், அவளிடமும் இப்போது ஏன் என்று கேட்பதில்லை. சொன்னதைச் செய்கிறாள். தட்டைக் கழுவு என்றால் கழுவுகிறாள், உட்கார் என்றால் உட்காருகிறாள். தெருவில் எல்லோரும், பிள்ளை திருந்திவிட்டது என்கிறார்கள். இன்னும் அவள் மேல் ஒரு அடிகூட விழவில்லை.

கூரியரில் அனுப்பாதே, யாரிடமும் கொடுத்தனுப்பாதே. அவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு நீயே வா. அவள் கையில் கொடு. ஏன் எடுத்துக்கொண்டு போனாய் என்று அவள் கேட்கும்வரை எதிரில் உட்கார்ந்திரு, தரையில் உட்கார், கேட்டதும் பதில் சொல். என்றைக்கு வருகிறாய்? தேதியைச் சொல்.